ஈரம் பட்ட பட்டு

நவம்பர் 18, திங்கள்

புயல் கடந்து மூன்று நாள் கழித்து இன்றுதான் கடை ஷட்டரைத் தூக்க முடிந்தது. வேப்பமரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. கடையில் என்னோடு நிற்கும் பவுனுவின் புருஷன் வேலாயுதம் வந்து அதை அறுத்துத் தள்ளினார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "போங்கக்கா, மரம் விழுந்ததுக்கெல்லாமா காசு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

கீழ்த்தளத்தில் முட்டிக்கு மேல் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது. நைட்டி, லுங்கி, பாவாடைத் துணி எல்லாம் சேற்றோடு ஒட்டிக் கூழாகிவிட்டது. அதற்குக்கூட எனக்கு அழுகை வரவில்லை. மாடிக்குப் போனால் தலைக்கு மேல் வானம். தகரக் கூரை மொத்தமும் பறந்துவிட்டது. தை மாதக் கல்யாணங்களை நம்பி, கும்பகோணத்தில் கடன் சொல்லி எடுத்து வந்த கூறைப்புடவைகள் பெட்டிக்குள்ளேயே ஊறிக் கிடந்தன. அரக்குச் சாயம் இறங்கிப் படிக்கட்டு வரைக்கும் வழிந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பவுனு பக்கத்தில் நின்றாள். அவளுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கதிரேசன் போனில் கிடைத்தார். சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு நூலைக்கூட நகர்த்தக் கூடாதாம். இழவு வீட்டில் பிணத்தை எடுக்காதே என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

கிளெயிம் பதிவு செய்யும் எண்ணுக்கு நாள் முழுக்க அழைத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமாம். சாயங்காலம் ஒரு பெண் எடுத்து, புயலா வெள்ளமா என்று கேட்டாள். கூரையைப் புயல் கொண்டுபோனது, தரையை வெள்ளம் கொண்டுபோனது, நடுவில் நான் மட்டும் மிச்சம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பதிவு எண் கொடுத்தாள்.

நவம்பர் 21, வியாழன்

சும்மா உட்கார முடியவில்லை. ஷட்டரைத் தூக்குகிறேன், பார்க்கிறேன், இறக்குகிறேன். துணி நாறத் தொடங்கிவிட்டது. வெளியே நல்ல வெயில். அத்தனையையும் கூரை போய் மொட்டையாகிவிட்ட மாடியில் விரித்தால் ஒரே நாளில் பாதி காய்ந்துவிடும், கை பரபரக்கிறது. தொடக் கூடாது.

இன்று செம்போடையிலிருந்து ஒரு வாத்தியார் வீட்டம்மா வந்தார். மகளுக்கு மாம்பழ நிறக் கூறைப்புடவை எடுத்து முன்பணம் கொடுத்திருந்தவர். புடவை நனைந்துவிட்டதா என்று கேட்டார். மேல் மடிப்பில் மட்டும்தான் ஈரம், உலர்த்தித் தருகிறேன் என்றேன். "ஈரம் பட்டதை எப்படிம்மா முகூர்த்தத்துக்குக் கட்டுறது? ஈரத்துணி எதுக்குக் கட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா" என்றார். தெரியும். கருமாதி முடித்துக் குளத்தில் முங்கி எழுந்து நானும் ஈரத்துணியோடு நின்றவள்தான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. வியாபாரம் என்றால் ஊர் எப்படியோ கடையும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு வந்த முதல் தையில், ஒரு மாப்பிள்ளையின் அம்மா நான் தட்டில் வைத்துக் கொடுத்த கூறைப்புடவையை வாங்கி, திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ண எடுத்துக் குடுக்கச் சொல்லுங்களேன்" என்று பவுனுவைக் காட்டினார். அன்றிலிருந்து முகூர்த்தப் புடவை என்றால் பவுனுதான் எடுத்துக் கொடுப்பாள். நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் மஞ்சள் கயிறுமாக அவள் தட்டை நீட்டினால் வருகிறவர்களுக்குத் திருப்தி. நான் கல்லாவில் இருந்துகொள்வேன். கணக்குப் பார்ப்பதற்கும் அதுதான் வசதி. எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

கொழுந்தனார் சபாபதி வந்தார். ஆறுதல் சொல்ல வந்தவர் கையோடு டேப்பும் கொண்டுவந்திருந்தார். கடையின் முகப்பு அகலத்தை அளந்தார். கட்டடத்தில் அவருக்கும் பங்கு உண்டு. செல்போன் கடைக்காரன் ஒருவன் கேட்கிறானாம். தை பிறந்து கடையில் சரக்கு இல்லையென்றால் பேசி முடித்துவிடலாம், அண்ணிக்கும் வயசாகிறது, எதற்கு இந்த அலைச்சல் என்றார். ஐம்பத்திரண்டு ஒரு வயசா? காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

கணக்கு இதுதான். இன்ஷூரன்ஸ் பணம் முழுசாக வந்தால் கும்பகோணத்துக் கடனை அடைத்துத் தைக்குப் புதுச் சரக்கு எடுக்கலாம், கடை என்னிடம் இருக்கும். குறைந்தால் கடை அவரிடம் போகும். இந்தக் கடை போனால் நான் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

சர்வேயர் இன்றும் வரவில்லை. மாவட்டம் முழுக்க ஒரே ஆள்தானாம், அவரும் திருச்சியிலிருந்து வர வேண்டுமாம். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பவுனு, "நீங்க நடக்குற நடைக்கு இந்நேரம் திருச்சிக்கே போயி அவரக் கையோட கூட்டியாந்துருக்கலாம்" என்றாள். எரிந்து விழுந்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

வேலாயுதத்துக்கு மின்கம்பம் நடும் காண்ட்ராக்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். இரட்டைக் கூலி. பவுனு முகத்தில் ஒரு தெம்பு.

நவம்பர் 28, வியாழன்

வந்தார். பெயர் நரசிம்மன். மெலிந்த ஆள், பேன்ட் முழங்கால் வரைக்கும் சேறு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்து, பவுனு ஓடிப் போய் இட்லி வாங்கி வந்தாள். சாப்பிட்டுவிட்டு மளமளவென்று போட்டோ எடுத்தார். கீழ்த்தளத்துச் சரக்கு முழு நஷ்டம் என்று உடனே ஒத்துக்கொண்டார். கூரைக்கும் தகராறு இல்லை. எல்லாம் பட்டில் வந்து நின்றது.

காய்ந்தால் பாதி விலைக்கு மேல் போகும், அந்த மிச்ச மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் கம்பெனி கொடுக்கும் என்றார். நான் விடவில்லை. கூறைப்புடவை என்பது உடுத்துகிற துணி மட்டும் இல்லை, ஈரம் பட்டால் எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு ஆகாது, இனாமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள், மிச்ச மதிப்பு பூஜ்யம் என்றேன். அவர் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டே கேட்டார். நம்பிக்கையைக் கம்பெனிக்கு எழுத முடியாது, இந்த ஊரில் சகுனத்தால் வியாபாரம் நிற்கும் என்பதற்கு அழுத்தமாக ஏதாவது சொல்லுங்கள், நானும் எழுதிப் பார்க்கிறேன் என்றார். மறுபடி வரும்போது முடிவு செய்வாராம். அதுவரைக்கும் பட்டை உலர்த்திக்கொள்ளலாம், ஆனால் விற்கக் கூடாது.

நல்ல மனிதர்தான். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

நவம்பர் 29, வெள்ளி

மொட்டை மாடி முழுக்கப் பட்டு விரித்தோம். பவுனு ஒரு முனை, நான் ஒரு முனை.

கதிரேசன் மாடிக்கே ஏறி வந்தார். வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அழுத்தமா சொல்லணும்னா உங்க கடையிலயே இருக்கே. கல்யாணப் புடவைய நீங்க எடுத்துக் குடுக்கிறதில்ல, அதுக்குன்னே ஒரு சுமங்கலிய வெச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. மொதலாளி கையே ஆகாதுங்குற ஊருல, நனைஞ்ச புடவை எங்கேருந்து விக்கும்? அவரால மறுக்க முடியாது."

இதை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. சர்வேயர் கேட்ட அன்றே மனதில் வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது, அவ்வளவுதான். உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்? அடுத்த முறை சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 2, திங்கள்

பவுனு வரவில்லை. சொல்லிவிட்டாவது நின்றிருக்கலாம். பட்டைத் திருப்பிப் போட ஆள் இல்லாமல் நான் ஒருத்தியாக முதுகு ஒடிய மடித்தேன். நாளைக்கு வரட்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னார். வேலாயுதம் கம்பத்தில் ஏறியிருந்தபோது, எவனோ வீட்டு ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். மின்சாரம் எதிர்ப்பக்கமாகக் கம்பியில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

காலையில் பவுனுவின் இரண்டு அண்ணன்மார்கள் கடைக்கு வந்தார்கள். தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். புதுப் புடவை, தண்ணீர் படாததாக இருக்க வேண்டும். ஊரில் ஒரு ஜவுளிக்கடையும் திறக்கவில்லை. பஸ் இல்லாததால் திருத்துறைப்பூண்டிக்கும் போக முடியவில்லை. கடை நிறையத் துணி இருக்கிறது, தண்ணீர் படாதது ஒன்றுகூட இல்லை. பெரிய அண்ணன் அழுத கண்ணோடு அந்த அலமாரிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போய் என் பீரோவிலிருந்து ஒரு பச்சைச் சுங்குடி எடுத்து வந்து கொடுத்தேன். எனக்கென்று எடுத்தது, மடிப்புக்கூடக் கலைக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவளுக்கு அவ்வளவு பச்சை எதற்கு என்று கட்டாமல் இருந்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

துக்கத்துக்குப் போனேன். பவுனு என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, என்னையும் உங்கள மாதிரி ஆக்கிட்டுப் போயிட்டாருக்கா" என்றாள்.  கூட அழுதேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஒரு வேலையும் ஓடவில்லை. சும்மா அலமாரி துடைத்தேன்.

டிசம்பர் 11, புதன்

கும்பகோணத்திலிருந்து போன். பழைய பாக்கி வந்தால்தான் புதுச் சரக்கு. மரியாதையாகத்தான் சொன்னார்கள். கொழுந்தனாரும் போன் செய்தார். செல்போன் கடைக்காரன் அவசரப்படுத்துகிறானாம்.

சர்வேயரிடம் சொல்ல வேண்டியதை மாடியில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், நான் புருஷனை இழந்தவள். என் கையால் கொடுத்தால் இந்த ஊரில் கூறைப்புடவை வாங்க மாட்டார்கள். ஆறு வருஷமாக இன்னொருத்தி கையால்தான் விற்கிறேன். அப்படிப்பட்ட ஊர் இது." நன்றாகத்தான் வந்தது. முதல் தடவை பாதியில் இருமல் வந்தது, அது இந்தப் பூஞ்சை நாற்றத்தால். இரண்டாம் தடவை தடங்கல் இல்லை.

டிசம்பர் 18, புதன்

நாளைக்கு வருகிறார் என்று கதிரேசன் சொன்னார். பவுனு வீட்டில் நேற்றுக் காரியம் முடிந்தது. அவள் எப்படியும் இந்த மாதம் வர மாட்டாள். அதுவும் நல்லதுதான்.

டிசம்பர் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷட்டரைத் தூக்கும்போதே பவுனு வந்து நின்றாள். வெறும் நெற்றி. நான் கொடுத்த பச்சைச் சுங்குடிதான் கட்டியிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் நெருக்குகிறது என்றாள். போய்விட்டுத் திங்கட்கிழமை வா என்றேன். நகரவில்லை. இன்றைக்குச் சர்வேயர் வருகிறார், வேலை ஒன்றும் இல்லை, போ என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"இனிமே நான் இங்க எதுக்குன்னு நெனைக்கிறீங்களாக்கா? பொட்டு இருந்துச்சு, வெச்சிருந்தீங்க. இப்ப கூட்டுறதுக்கு, மடிக்கிறதுக்கு வெச்சுக்குங்க. சம்பளத்தக் கொறச்சுக்கிட்டாலும் சரி."

என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அவளை உள்ளே விட்டேன்.

நரசிம்மன் வந்தார். உலர்ந்த பட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பவுனு ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்து அந்த மாம்பழ நிறப் புடவையை விரித்துக் காட்டினோம். ஓரத்தில் ஒரு வெளிறல், மற்றபடி பளிச்சென்று இருந்தது. அவர் போட்டோ எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு சகுனம்னு சொன்னீங்களேம்மா. அவ்வளவு சகுனம் பார்க்கிற ஊருன்னா, உங்க கடையில இத்தனை கல்யாண வியாபாரம் எப்படி நடந்திருக்கு? கம்பெனியில முதல்ல இதத்தான் கேப்பாங்க."

கேட்ட பிறகுதான் என் நெற்றியைப் பார்த்தார் போல. சட்டென்று தலையைக் குனிந்து போனில் எதையோ தேடினார். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது. நான் நுழைய வேண்டியதுதான் பாக்கி. கதிரேசன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

புடவையின் அந்த முனையில் பவுனு. அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். கதிரேசன் அன்று மாடியில் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கும். துணியின் இழுப்பு தளர்ந்தது, கையை விட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். விடவில்லை.

நான் பாடம் பண்ணி வைத்திருந்த முதல் சொல் 'சார்'. அது வந்தது. அடுத்தது வரவில்லை.

"சார், காஞ்சா விக்கும். எழுதிக்குங்க" என்றேன்.

"ஆகாதுன்னீங்களே?"

"சொன்னேன். ஆகும். நானும் இவளும் எடுத்துக் குடுப்போம்."

அவர் பேனாவை எடுத்தார். மிச்ச மதிப்பைப் பாதி விலைக்கும் கொஞ்சம் குறைத்து எழுதுவதாகச் சொன்னார். அவரால் முடிந்தது அது. கதிரேசன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

அவர்கள் போனதும் பவுனு சண்டைக்கு வந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஏங்கா அப்படிச் சொன்னீங்க? கடை போயிரும்க்கா. நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டுக்கிட்டு நின்னுருப்பேன்."

"நீ நின்னுருப்ப. நான் ஆறு வருஷமா நின்னுட்டேன் பவுனு. என் வாயால அத நானே சொல்லி, அதுக்குப் பணம் வாங்க முடியல."

எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அது பொய்.

டிசம்பர் 23, திங்கள்

புத்தி கெட்டுப் போய்விட்டதா என்று யோசித்தேன். போயிருக்கலாம். கொழுந்தனாரிடம், தை முடியும் வரைக்கும் டேப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதை வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றார். இருக்கிறதை வைத்து என்றேன்.

ஜனவரி 9, வியாழன்

பணம் வந்தது. கும்பகோணத்துக் கடனுக்கே சரியாகப் போய்விட்டது. புதுச் சரக்குக்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கடை திறந்தோம். பட்டுப்புடவைகளையெல்லாம் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி அடுக்கியாகிவிட்டது. "புயலில் நனைந்த பட்டு, விலை குறைவு" என்று வாசலிலேயே எழுதி வைத்துவிட்டேன். ஏமாற்றி விற்கிற பேச்சே வேண்டாம். சாதாரணமாகக் கட்ட என்று நாலைந்து பேர் வாங்கினார்கள். இந்தப் பக்கம் புயலில் புடவை இழக்காத பெண் யார்?

மத்தியானம் ஒரு கல்யாணக் கோஷ்டி. மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அம்மா, கல்யாணப் பெண். நனைந்தது என்று தெரிந்தேதான் வந்தார்கள். வீட்டில் கூரையே இல்லை, புது விலைக்கு எங்கே போவது என்றார் பெண்ணின் அம்மா. பெண் ஒரு கத்திரிப்பூ நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். தட்டில் வெற்றிலையும் மஞ்சளும் வைத்தாகிவிட்டது. பவுனு பழக்கத்தில் தட்டை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். கல்லாவை விட்டு எழுந்து வந்து நான் எடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் நெற்றியைப் பார்த்தார், பிறகு பவுனுவின் நெற்றியை. கடையில் வேறு பெண் யாரும் இல்லையா என்று கேட்டார்.

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதான்."

 தட்டைக் கீழே வைக்கவில்லை. அவர் யோசித்தார், பெண்ணின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்கள். பெண் மட்டும் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு வந்தது கோபம்தான், அவமானம் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு வந்தது அவமானம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்றைக்குத்தான் தெரிந்தது. பவுனு புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க குடுத்து ஒண்ணு போச்சு. அடுத்தது நான் குடுக்கிறேன். எத்தனதான் போகுதுன்னு பாத்துருவோம்."

சிரித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜனவரி 20, திங்கள்

முகூர்த்தத்துக்கு ஒன்று விற்றது. எடுத்துக் கொடுத்தது பவுனு.